பல்வலி வந்த ராஜா, ஆறு மணிக் கெடு, கையில நாலு சீட்டு: காஸில் ஃபால்கன்ஸ்டைன் ஆடின ஒரு ராத்திரி பத்தி முழு ஆய்வு

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு பேர் உக்காந்து ஒரே ஒரு சீட்டுக்கட்ட வச்சு நாலரை மணி நேரம் ஆடினோம். பகடை இல்ல, போர்டு இல்ல, பொம்மை இல்ல. கடைசில ஒரே ஒரு பாயின்ட் வித்தியாசத்துல ஒரு நாடு கை மாறிப் போச்சு, அது ஏன் போச்சுன்னு ஆட்டம் முடிஞ்சு கையைத் திறந்து காட்டினப்பதான் தெரிஞ்சுச்சு. அந்த ராத்திரியில இருந்து இது என் மண்டைக்குள்ளயே ஓடிட்டு இருக்கு, அதான் மொத்தமா எழுதி வச்சிடலாம்னு. அரண்மனைச் சூழ்ச்சிக் கதைகளுக்குப் பகடையை விட சீட்டு ஏன் இவ்ளோ பொருத்தமா இருக்குங்கறத எங்க மேஜைல நடந்ததையே வச்சு காட்டப் பாக்கறேன்.

மொதல்ல ஆட்டம் என்னன்னு சொல்லிடறேன். பேரு காஸில் ஃபால்கன்ஸ்டைன், 1994-ல வந்த டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம், அதாவது மேஜையைச் சுத்தி உக்காந்து ஆளுக்கு ஒரு கதாபாத்திரமா பேசி ஒரு கதையை நடத்திக்கிட்டுப் போற ஆட்டம். உருவாக்கினவர் மைக் பாண்ட்ஸ்மித், சைபர்பங்க் கேம் செஞ்ச அதே ஆளு, வெளியிட்டது அவரோட ஆர். தல்சோரியன் கேம்ஸ். கதை நடக்கறது 1870-கள்ல, நம்ம ஐரோப்பா மாதிரியே இருக்கற ஆனா மந்திரமும் தேவதைகளும் டிராகனும் நீராவி இயந்திரமும் ஒண்ணா இருக்கற ஒரு ஐரோப்பாவுல. நடுநாயகமா இருக்கறது ஜெர்மன் நாடுகள்ல ஒண்ணான பவேரியா, அதோட ராஜா இரண்டாம் லுட்விக், எதிர்ப்பக்கம் இன்னொரு ஜெர்மன் நாடான பிரஷ்யாவோட முதலமைச்சர் பிஸ்மார்க். நம்ம காலத்து கேம் டிசைனர் ஒருத்தர், பேரு டாம் ஓலம், மந்திரத்துல மாட்டி அந்த உலகத்துக்குள்ள இழுக்கப்பட்டுடறாரு, அங்க இருக்கறவங்களுக்காக அவர் உருவாக்கின ஆட்டம்தான் இதுன்னு புஸ்தகம் சொல்லுது. அந்த உலகத்துல பகடை உருட்டறது சூதாட்டக் கூடத்து வேலை, கௌரவமான ஆணும் பெண்ணும் மாலை நேரத்துல சீட்டுதான் ஆடுவாங்க, அதனால அவர் சீட்டை எடுத்துக்கிட்டாருங்கறது கதைக்குள்ள சொல்ற காரணம். கதைக்காகச் சொன்ன காரணம்தான், ஆனா அதுக்குள்ள பெரிய டிசைன் அறிவு இருக்குன்னு எனக்கு ஆடிப் பாத்தப்பதான் புரிஞ்சுச்சு.

விதி ரொம்ப சின்னது. ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் சில திறமைகள், ஒவ்வொண்ணுக்கும் ஒரு அளவு. மோசம்னா 2, சராசரி 4, நல்லா வரும்னா 6, ரொம்ப நல்லா வரும்னா 8, அதுக்கு மேல 10, 12. எல்லார் கையிலயும் எப்பவும் நாலு சீட்டு, ஆட்டத்தை நடத்தற ஆளு, இதுல ஹோஸ்ட்னு சொல்றாங்க, அவர் கையிலயும் நாலு. ஏதாவது முக்கியமா செய்யறப்ப திறமையோட அளவு கூட உங்க சீட்டுகளை இறக்கலாம். அந்தச் செயலோட ஜாதிச் சீட்டா இருந்தா முழு மதிப்பும் கிடைக்கும், ஜாக்கி 11, ராணி 12, ராஜா 13, ஏஸ் 14, ஜோக்கர் எதுக்கு வேணா 15. ஜாதி மாறின சீட்டு எதுவா இருந்தாலும் வெறும் 1 தான், கையில ராஜாவே இருந்தாலும் 1. ஜாதிப் பிரிவு இப்படி: ஆட்டின் மனசு சார்ந்த விஷயம், காதல், வசீகரம். டைமன் மூளை. கிளாவர் உடம்பு, குதிரை, கத்தி. இஸ்பேட் அந்தஸ்து, செல்வாக்கு, சபை நாகரிகம்.

மந்திரவாதிகளுக்குத் தனியா ஒரு கட்டு உண்டு, வாள் சண்டைக்கும் தனி முறை ஒண்ணு இருக்கு. எங்க ஆட்டத்துல ரெண்டுமே வரல, அதனால விட்டுடறேன்.

எந்தக் கதையை எடுத்தேன்

நான்தான் ஹோஸ்ட். புஸ்தகத்துல தேவதை, டிராகன்னு எவ்வளவோ இருந்தும் எனக்கு நிஜ வரலாறுல இருந்து ஒரு நாள்தான் வேணும்னு தோணுச்சு. 1870 நவம்பர் 30.

அன்னைக்கு நடந்தது இதுதான். பிரான்ஸோட போர் நடந்துட்டு இருக்கு, பிரஷ்யப் படை பாரிஸைச் சுத்தி வளைச்சாச்சு, பிஸ்மார்க் பாரிஸ் பக்கத்துல வெர்சாய்ல உக்காந்துட்டு ஜெர்மன் நாடுகளை எல்லாம் ஒரே பேரரசாக் கட்டப் பாக்கறாரு. பிரஷ்ய ராஜா வில்ஹெல்முக்குப் பேரரசர் பட்டத்தை பிரஷ்யாவே குடுத்தா நல்லா இருக்காது, இன்னொரு பெரிய ஜெர்மன் ராஜா முன்வந்து ஏத்துக்கச் சொல்லணும், பிரஷ்யாவுக்கு அடுத்த பெரிய நாடு பவேரியாதான். பவேரிய ராஜா லுட்விக்குக்கு அப்ப 25 வயசு. பதினெட்டு வயசுல, 1864-ல ராஜா ஆனவரு, 1866 போர்ல ஆஸ்திரியா பக்கம் நின்னு பிரஷ்யா கிட்ட தோத்தவரு, தன்னோட ராஜ்யம் இன்னொருத்தர் கீழ போறத மனசால ஏத்துக்கவே முடியாதவரு. ஆனா நோய்ஷ்வான்ஸ்டைன்ங்கற அவரோட கனவுக் கோட்டையைக் கட்ட 1869-லயே அடிக்கல் வச்சாச்சு, காசு தண்ணியா ஓடுது. பிஸ்மார்க் என்ன செஞ்சாருன்னா, லுட்விக் வில்ஹெல்முக்கு எழுத வேண்டிய கடிதத்தைத் தானே எழுதிட்டாரு. அப்பதான் துடைச்ச சாப்பாட்டு மேஜைல, மை ஊறுற தாள்ல எழுதினதா தன் நினைவுக் குறிப்புல அவரே சொல்றாரு. அதை எடுத்துட்டு வந்தவர் லுட்விக்கோட குதிரைலாயத் தலைவர் ஹோல்ன்ஸ்டைன் பிரபு.

பிரபு ஹோஹன்ஷ்வாங்காவ் கோட்டைக்கு வந்து சேர்றப்ப ராஜா பல்வலியோட படுத்துக் கிடக்காரு, யாரையும் பாக்க மாட்டேங்கறாரு. பிரபு சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பியே ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாரு. கடைசில ராஜா படுக்கைலயே எழுந்து உக்காந்து அந்தக் கடிதத்தைத் தன் கையால எழுதித் தர்றாரு. டிசம்பர் 3-ம் தேதி வெர்சாய்ல லுட்விக்கோட சித்தப்பா லுயிட்போல்ட் அதை வில்ஹெல்ம் கைல குடுத்தாரு, 1871 ஜனவரி 18 அன்னைக்கு அங்கயே பேரரசு அறிவிப்பு நடந்துச்சு, லுட்விக் போகவே இல்ல. அப்புறம் ஹனோவர் அரச குடும்பத்துகிட்ட பிரஷ்யா பறிச்ச சொத்துல இருந்து அவருக்கு ரகசியமா பணம் போய்க்கிட்டே இருந்துச்சு.

இதைப் படிச்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. ஒரு கோட்டை, ஒரு படுக்கையறை, ஒரு கெடு, ஒரு பல்வலி, ஒரு காகிதம். சூழ்ச்சிக் கதைக்கு இதைவிட என்ன வேணும். இதுல மாயம் மந்திரம் சேர்த்தா கெட்டுப் போயிடும்னு அப்படியே வச்சுட்டேன்.

யார் யார்

நாலு பேருக்கும் கோட்டைக்குள்ள ஒரு இடம் குடுத்தேன், ஒவ்வொருத்தர் காதுலயும் தனித்தனியா ஒரு ரகசியம் சொன்னேன். என் சித்தி பொண்ணு ராஜமாதாவோட தோழி, வசீகரம் 8, ராஜா கையெழுத்துப் போடவே கூடாதுன்னு நினைக்கறவ. காலேஜ் ஃப்ரெண்ட் ஒருத்தன் டாக்டர், அவனுக்கு அரசியலே வேணாம், ராஜாவோட உடம்பும் மனசும் மட்டும்தான். மச்சான் காவல் கேப்டன், 1866 போர்ல அண்ணனைப் பறிகொடுத்தவன், பிரஷ்யா பேரைக் கேட்டாலே கொதிக்கறவன். நாலாவது என் கூட வேலை பாக்கறவர் ஒருத்தர், எங்களை விட வயசுல மூத்தவர், அவரை சார்னுதான் கூப்பிடுவோம், அவருக்கு நொடிச்சுப்போன ஒரு பிரபு வேஷம். அவர் காதுல நான் சொன்னது: கடிதம் எழுதப்பட்டா உங்க கடன் எல்லாம் அடையும், வாக்குக் குடுத்திருக்காங்க.

இந்த ஆட்டத்துல கதாபாத்திரத்துக்கு ஃபார்ம் மாதிரி எதுவும் கிடையாது, ஒரு நாட்குறிப்புதான். எதை விரும்பறோம், யாரை வெறுக்கறோம், நம்ம பெரிய குறை என்ன, எல்லாத்தையும் எழுதி வச்சுக்கணும். சித்தி பொண்ணு ரெண்டு பக்கம் எழுதிட்டு வந்திருந்தா. சார் நாலே வரிதான் எழுதினாரு, எழுதி மூடி வச்சுட்டாரு, யாருக்கும் காட்டல.

ரம்மி கை

இங்க ஒரு பிரச்சினையைச் சொல்லியாகணும், ஏன்னா இதை ஆடப் போறவங்க எல்லாரும் இதுல விழுவாங்க, அதுலயும் நம்ம ஆளுங்க கண்டிப்பா விழுவாங்க. நமக்கு ரம்மி ரத்தத்துலயே ஊறிப் போனது. கையில வேண்டாத சீட்டு இருந்தா அதை எப்படா கழிச்சுட்டு புதுசு எடுப்போம்னு விரல் துடிக்கும். இந்த ஆட்டத்துலயும் இறக்கின சீட்டுக்குப் பதிலா புதுசு எடுத்துக்கலாம் இல்லையா, அதனால போன ரெண்டு தடவை ஆடினப்ப என்ன ஆச்சுன்னா, ஜன்னல் திறக்கறதுக்கு ஒரு சீட்டு, காவல்காரனுக்கு வணக்கம் சொல்றதுக்கு ஒரு சீட்டுன்னு கையில இருக்கற சின்னச் சீட்டையெல்லாம் கழிச்சுட்டு பெருசு வர்ற வரைக்கும் தேவையில்லாத வேலையா பாத்துட்டு இருந்தாங்க. கதை நகரவே இல்ல.

அதனால இந்தத் தடவை எங்க மேஜைக்குன்னு மூணு விஷயம் முடிவு பண்ணினேன். தோத்தா ஏதாவது இழப்பு இருக்கற காரியத்துக்கு மட்டும்தான் சீட்டு. கட்டு முழுசும் தீர்ந்தப்புறம்தான் திரும்பக் கலைப்போம். அதே அறைல நிக்கற இன்னொருத்தர் விரும்பினா ஒரே ஒரு சீட்டு குடுத்து உதவலாம், ஆனா கையில என்ன இருக்குன்னு வாய் விட்டுச் சொல்லக்கூடாது. இந்த மூணாவதுதான் அன்னைக்கு ராத்திரியைத் தீர்மானிச்சுச்சு, வைக்கறப்ப எனக்கு அது தெரியாது.

டாக்டர் முதல் கை பாத்ததுமே முகம் சுளிச்சான். கொஞ்ச நேரத்துல "வாசல்ல நிக்கற சேவகனை மரியாதையா விசாரிக்கறேன், ஒரு இஸ்பேட் போட்டுக்கட்டுமா"ன்னான். இஸ்பேட் ரெண்டைக் கழிக்கப் பாக்கறான்னு எல்லாருக்கும் புரிஞ்சுடுச்சு. விசாரிச்சுக்க, சீட்டு வேணாம்னுட்டேன். அந்த ரெண்டு அவன் கையிலயே தங்கிடுச்சு.

நடந்தது

காலைல பனி கொட்டுது. ஹோல்ன்ஸ்டைன் வர்றாருன்னு சேதி வந்ததும் கேப்டன் குதிரையை விட்டு எதிர்ல போறான், முந்திக்கிட்டு கோட்டைக்கு வந்து சேதி சொல்லணும்னு. குதிரை கிளாவர். மச்சான் கையில கிளாவர் ஏஸும் ஜாக்கியும் இருந்துச்சு, ரெண்டையும் பட்டுனு மேஜைல அடிச்சான். அவன் திறமை 6, ஏஸ் 14, ஜாக்கி 11, மொத்தம் 31. எதிர்ல இருக்கறது குதிரைலாயத் தலைவரே, அவருக்கு 8, நான் கிளாவர் ஒம்போது இறக்கினேன், 17. ஏஸ் மட்டும் போட்டிருந்தாலே 20 வந்து ஜெயிச்சிருப்பான். ஜாக்கி வீண். அப்ப அது யாருக்கும் பெருசா தெரியல, கைதட்டினோம். பதிலுக்கு அவன் எடுத்த ரெண்டும் டைமன் மூணு, ஆட்டின் அஞ்சு.

அடுத்தது முன்கூடம். பிரபு உள்ள நுழையறாரு, தோழி அவரை நிறுத்தணும். இந்த இடத்தை நான் ரொம்ப நேரம் யோசிச்சுப் பாத்திருக்கேன். சித்தி பொண்ணு எழுதிட்டு வந்த ரெண்டு பக்கத்துலயும் அவ சிரிச்சுப் பேசியே ஆளைக் கவுக்கறவ, எல்லாரும் அவகிட்ட மயங்குவாங்கன்னுதான் இருந்துச்சு. ஆனா கையில ஒரு ஆட்டின் கூட இல்ல. இருந்தது இஸ்பேட் ராஜா, இஸ்பேட் ஒம்போது, டைமன் நாலு, கிளாவர் ஏழு. வசீகரத்துல போனா 8-ம் நாலு ஒண்ணும் சேர்ந்து 12. சபை நாகரிகத்துல அவ வெறும் சராசரி, 4 தான், ஆனா ராஜாவும் ஒம்போதும் சேர்ந்தா 26. கொஞ்ச நேரம் சீட்டையே பாத்துட்டு இருந்தா. அப்புறம் முதுகை நிமித்தி உக்காந்தா, குரல் மாறிப் போச்சு. "பிரபு அவர்களே, ராஜமாதாவோட வீட்டுக்குள்ள நனைஞ்ச பூட்ஸோட நடந்து வர்றது யார் குடுத்த வழக்கம்?" எங்களுக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. நான் பிரபுவுக்கு 8, கூட இஸ்பேட் பத்து, 18. தோத்துட்டேன். பிரபு உடை மாத்திக்கிட்டு, முறைப்படி பேர் சொல்லி அனுப்பி, காத்திருந்து, ரெண்டு மணி நேரம் போச்சு.

இதைத்தான் நான் முக்கியமா சொல்ல வந்தேன். பகடைல நீங்க முதல்ல என்ன செய்யப் போறீங்கன்னு சொல்லுவீங்க, அப்புறம் உருட்டுவீங்க, அதிர்ஷ்டம் செயலுக்குப் பின்னாடி வரும். சீட்டுல அதிர்ஷ்டம் முன்னாடியே வந்து உங்க கையில உக்காந்திருக்கும். இன்னைக்கு உங்களால எது முடியும், எது முடியாதுன்னு உங்களுக்குத் தெரியும், எதிர்ல இருக்கறவனுக்குத் தெரியாது. அரண்மனைல இருக்கறவங்க நிலைமையும் அதுதானே. இன்னைக்கு யார் என் பக்கம், யாரோட ரகசியம் என்கிட்ட இருக்கு, ராஜா என்மேல கோவமா இருக்காரா, இது எல்லாம் காலைல எந்திரிக்கறப்பவே கையில இருக்கற சீட்டுதான். அதை எங்க இறக்கறது, எதைக் கடைசி வரைக்கும் மறைச்சு வைக்கறதுங்கறதுதான் சூழ்ச்சி. சிரிச்சுப் பேசற பொண்ணு அன்னைக்கு அதிகாரம் பண்ண வேண்டியதாயிடுச்சு, அவகிட்ட அன்னைக்கு இருந்தது அதுதான். அந்தக் கதாபாத்திரத்துக்குள்ள அப்படி ஒரு ஆளு இருக்கான்னு அவளுக்கே தெரியாது.

கணக்கும் போட்டுப் பாத்தேன். ஜோக்கர் ரெண்டும் சேர்த்து 54 சீட்டு, ஒரு ஜாதிக்கு 13. முழுக் கட்டுல இருந்து நாலு எடுத்தா அதுல நீங்க தேடற ஜாதியும் இல்லாம ஜோக்கரும் இல்லாம போறதுக்கு நூத்துக்கு 26 வாய்ப்பு. அதாவது நாலு தடவைல ஒரு தடவை, நீங்க எதுல கெட்டிக்காரரோ அதுக்கு உங்க கையில ஒண்ணுமே இருக்காது. இது ஆட்டத்தோட குறைன்னு சிலர் சொல்லுவாங்க. எனக்கு அப்படித் தோணல, இந்த நாலுல ஒண்ணுதான் ஜனங்களைப் புதுசு புதுசா யோசிக்க வைக்குது.

மத்தியானம் டாக்டர் முறை. ராஜாவுக்கு வலி தாங்கல. நல்லா தூங்க வச்சுட்டா ஆறு மணி தாண்டிடும், கடிதம் இல்ல, கதை முடிஞ்சுது. வைத்தியம் டைமன், அவனுக்கு 6, கையில டைமன் பத்தும் ஆறும் இருக்கு, நான் ஆழ்ந்த தூக்கத்துக்கு 16 வச்சிருந்தேன். ரெண்டையும் போட்டா 22, நிம்மதியா ஜெயிச்சிருப்பான். ஆனா அவன் ஆறை மட்டும் இறக்கினான், 12. ஏன்டான்னு கேப்டன் கத்தறான். டாக்டர் தன் நாட்குறிப்பைத் திறந்து ஒரு வரி படிச்சான்: "நோயாளிக்குத் தெரியாம அவர் முடிவை நான் எடுக்க மாட்டேன்." மேஜையே அமைதியாயிடுச்சு. வலி குறையற அளவுக்கு மட்டும் மருந்து, ராஜா அரைத்தூக்கம், அஞ்சு மணிக்கு முழிச்சுக்குவாரு.

எனக்கு அந்த நேரத்துல வேற ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. 1886 ஜூன்ல இதே லுட்விக்கைப் பைத்தியம்னு எழுதிக் குடுத்து பதவியில இருந்து இறக்கினாங்க. நாலு மனநல டாக்டர்கள் கையெழுத்துப் போட்ட அறிக்கை அது, அதுக்காக அவரை நேர்ல யாரும் பரிசோதிக்கவே இல்ல. ஜூன் 13 சாயங்காலம் அந்த அறிக்கைக்குத் தலைமை தாங்கின குட்டன்ங்கற டாக்டர்கூட ஸ்டார்ன்பெர்க் ஏரிக்கரைல நடக்கப் போனவரு, ராத்திரி ரெண்டு பேரையும் ஏரியில இருந்து பிணமாத்தான் எடுத்தாங்க. நாப்பது வயசு அவருக்கு. ஆட்டத்துக்குப் பேர் குடுத்த ஃபால்கன்ஸ்டைன் நிஜத்துல 1,268 மீட்டர் உசரத்துல ஒரு இடிஞ்ச கோட்டை, லுட்விக் அதை வாங்கி அங்க நோய்ஷ்வான்ஸ்டைனை மிஞ்சற மாதிரி ஒண்ணு கட்ட வரைபடம் எல்லாம் போட்டு வச்சாரு, ரோடும் தண்ணிக் குழாயும் போட்டதோட நின்னு போச்சு. ஆட்டத்தோட உலகத்துல மட்டும் அந்தக் கோட்டை கட்டி முடிஞ்சு மலை மேல நிக்குது. அந்த ராஜாவுக்காக ஒருத்தர் கற்பனைல கட்டிக் குடுத்ததுன்னு நினைக்கறப்ப எனக்கு மனசு என்னமோ பண்ணும். இந்த டாக்டர் அப்படி ஒரு டாக்டரா இருக்க மாட்டேன்னு சொன்னது, ஃப்ரெண்டுக்கு அந்த வரலாறு தெரிஞ்சு சொன்னதில்ல, அதனாலதான் எனக்கு அது பெருசாப் பட்டுச்சு.

சார் இந்த நேரம் முழுக்க என்ன பண்ணினாருன்னு கேப்பீங்க. ஒண்ணும் பண்ணல. எல்லார்கூடவும் இருந்தாரு, தோழிக்கு நாற்காலி இழுத்துப் போட்டாரு, டாக்டருக்கு வெந்நீர் கொண்டுவரச் சொன்னாரு, கேப்டன்கிட்ட உன் அண்ணனை எனக்குத் தெரியும்னாரு. ஒரு சீட்டு கூட இறக்கல. இறக்காததால புதுசும் எடுக்கல. முதல்ல குடுத்த நாலு சீட்டையும் கவுத்து வச்சு மேல கையை வச்சுட்டு உக்காந்திருந்தாரு.

அஞ்சரை மணி. கேப்டன் லாயத்துக்குப் போயிட்டான், பிரபுவோட சேணப்பையில பணம் பத்தின குறிப்பு ஒண்ணு இருக்கு (இது நான் சேர்த்தது, வரலாறு இல்ல), அதைத் திருடிட்டு வந்து ராஜா முன்னாடி போட்டா விலை பேசறாங்கன்னு அவருக்கே புரிஞ்சுடும். பதுங்கிப் போறது கிளாவர். மச்சான் கையில ஆட்டின் எட்டு, ஆட்டின் அஞ்சு, இஸ்பேட் அஞ்சு, டைமன் மூணு. கிளாவர் ஒண்ணு கூட இல்ல. திறமை 4, நாலு சீட்டையும் போட்டாலும் 8, வேண்டியது 10. காலைல வெட்டியா அடிச்ச அந்த ஜாக்கி மட்டும் இருந்திருந்தா. அவன் கையைப் பாத்தான், மேஜைல கழிஞ்சு கிடக்கற குவியலைப் பாத்தான், ஒண்ணும் பேசல. முயற்சி பண்ணல, இருட்டுல நின்னுட்டான்.

படுக்கையறை. ராஜா தலையணைல சாஞ்சு உக்காந்திருக்காரு, கன்னம் வீங்கியிருக்கு. ஒரு பக்கம் ஹோல்ன்ஸ்டைன், இன்னொரு பக்கம் தோழி, கால்மாட்டுல டாக்டர், ஜன்னலோரம் சார். பிரபு கடிதத்தை எடுத்து நீட்டறாரு. பிஸ்மார்க் கூடவே எழுதியிருந்த வரிகளைச் சொல்றாரு, எங்க முன்னோர்கள் உங்க வம்சத்துகிட்ட சலுகை வாங்கினவங்கன்னு நிஜமாவே அவர் எழுதியிருந்தாரு, பெருமையைத் தடவிக் குடுக்கற பேச்சு. பிரபுவோட வசீகரம் 6, நான் ஆட்டின் ஒம்போது இறக்கினேன். 15. என் கையில ஒரு ஜோக்கர் இருந்துச்சு, அதைத் தொடல. வரலாறு பக்கம் நின்னு நானே கதையை முடிச்சு வைக்க எனக்கு விருப்பமில்ல.

தோழி கடைசியா தன்னோட சொந்தக் குரல்ல பேசறா. அதிகாரம் இல்ல, அந்தஸ்து இல்ல. "நீங்க எழுதினா நாளைக்கும் ராஜாதான் இருப்பீங்க. ஆனா வேற யாரோ எழுதினதைப் பாத்து எழுதின ராஜா." வசீகரம் 8. இப்ப கையில ஒரு ஆட்டின் வந்திருக்கு, வெறும் ரெண்டு. டைமன் நாலு, கிளாவர் ஏழு, இஸ்பேட் நாலு, மூணும் ஒண்ணு ஒண்ணு. 13.

டாக்டர் கையை நீட்டினான். அவன்கிட்டயும் ஆட்டின் இல்ல, குடுக்க முடிஞ்சது ஒரு பாயின்ட்தான், குடுத்தான். எதைக் குடுத்தான்னா அந்த இஸ்பேட் ரெண்டு, காலைல இருந்து கழிச்சுக் கட்டப் பாத்தானே அதுதான். 14.

ஒண்ணு குறையுது. எந்தச் சீட்டா இருந்தாலும் சமமாயிடும், அதுக்கு மேல ஒரு சின்ன ஆட்டின் இருந்தா ஜெயிச்சிடும். லாயத்துல நிக்கற கேப்டன் கையில ரெண்டு ஆட்டின் இருக்கு, அவன் மேஜையோட விளிம்பைப் புடிச்சுக்கிட்டு இருந்தான், ஆனா அறைக்குள்ள இல்ல, சொல்லவும் கூடாது. எல்லாரும் சாரைப் பாத்தோம். சித்தி பொண்ணு கதாபாத்திரத்தை மறந்துட்டு "அங்கிள்"னா.

சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. "பனி நின்னுடுச்சு, பிரபு நேரத்துக்குக் கிளம்பிடலாம்"னாரு.

ராஜா எழுதினாரு.

ஆட்டத்துக்கு அப்புறம்

இதே ஆட்டத்தைப் பகடைல ஆடியிருந்தா கடைசி அறைல என்ன நடந்திருக்கும்? சார் உதவி பண்றேன்னு சொல்லி உருட்டியிருப்பாரு, இல்ல பண்ணலன்னு சொல்லியிருப்பாரு. பண்ணலன்னு சொன்னா அப்பவே துரோகின்னு தெரிஞ்சிருக்கும். இங்க அப்படி இல்ல. அவர் கையில ஒண்ணும் இல்லையோ, இருந்தும் குடுக்கலையோ, யாருக்கும் தெரியாது. ஏன் இல்லைன்னு அவரைக் கேக்கவும் முடியாது. கவுத்து வச்ச சீட்டு அவருக்கு மறைவிடம் மாதிரி. அந்த அஞ்சு நிமிஷமும் நாங்க அவரைப் பாத்த பார்வை இருக்கே, நிஜ அரண்மனைலயும் ஒருத்தரை ஒருத்தர் அப்படித்தான் பாத்திருப்பாங்க.

இதுல எனக்கு ஒரே ஒரு விஷயம் இன்னும் உறுத்துது. கழிஞ்ச சீட்டை எண்ணிட்டே வர்றவங்களுக்கு இதுல பெரிய லாபம் இருக்கு. ஒரே கட்டு, தீர்ற வரைக்கும் கலைக்கறதில்ல, எந்த ஏஸ் போச்சு எந்த ராணி வரலன்னு மனசுல வச்சுக்கிட்டா பாதி ஆட்டம் தெரிஞ்ச மாதிரி. டாக்டர் இது நியாயமில்லைன்னான். நான் நியாயம்னுதான் நினைக்கறேன், யார் யார்கிட்ட என்ன மிச்சம் இருக்குன்னு கணக்கு வச்சுக்கறவன்தான் அரசவைல பிழைப்பான். ஆனா புதுசா வர்றவங்களுக்கு இது பாரமாத் தெரியும், அவங்களோட ஆடறப்ப ஒவ்வொரு காட்சிக்கும் கலைச்சுடறது நல்லது.

அப்புறம் மேஜைல தட்டு எல்லாம் எடுத்து வச்சுட்டு கைகளைத் திறந்து காட்டினோம். கேப்டனோட ரெண்டு ஆட்டின், டாக்டரோட டைமன் பத்து, என் ஜோக்கர். சார் கடைசி வரைக்கும் திறக்கல, சித்தி பொண்ணுதான் எட்டிப் போய் ஒவ்வொண்ணா திருப்பினா. மூணாவதா திருப்பினது ஆட்டின் ராணி. முதல் கைலயே வந்தது, நாலரை மணி நேரமா அங்கயே இருந்திருக்கு. அவரோட நாட்குறிப்பையும் எடுத்துப் பாத்தா. நாலு வரியில கடைசி வரி, ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எழுதினது: "அந்தப் பொண்ணு என்னைக் கேக்காம இருந்தா நல்லது."